பனிமய மாதாவுக்குப் பனி காட்டப் போனோம்

எங்கள் பனிமய மாதா அதுவரைக்கும் பனியைக் கண்ணால் கண்டதில்லை. மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், உப்புக் காற்றில் பெயின்ற் உரிந்துபோன ஒரு சின்னக் கோயிலில் இருந்துகொண்டு அந்தப் பெயரைச் சுமந்தார், அவ்வளவுதான். அவருடைய பெருநாள் ஓகஸ்ட் மாதம் ஐந்தாம் திகதி. அந்த ஊரில் ஓகஸ்ட் என்றால் மணலில் கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டில் வெறுங்காலோடு சுற்றுப்பிரகாரம் வருகிற சனம் முழுவதும் வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பனிமய மாதாவைப் பாடும். அதில் பொருத்தமில்லாதது ஏதும் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கே ஒன்பது வயதில், மெல்போர்னில் வைத்துத்தான் தோன்றியது.

கதை ரோமாபுரியில் நடந்தது. நல்ல கோடைகாலத்தில் மாதா ஒருவருடைய கனவில் வந்து, எனக்குக் கோயில் கட்டவேண்டிய இடத்தைப் பனியால் காட்டுவேன் என்றாராம். விடிந்து பார்த்தால் ஒரு குன்றின் மேலே மட்டும் வெள்ளை வெளேரென்று பனி. அம்மா இதை எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அம்மா சொல்லும்போது அந்த ரோமாபுரிக் குன்றில் இரண்டு பனைமரமும் நிற்கும். நான் பனைமரத்தைப் பற்றிக் கேட்டால், கதையைக் கேள் என்பார்.

பெருநாளன்று அந்த அற்புதத்தைச் செய்து காட்டுவது ஊர் வழக்கம். பனிக்கு எங்கே போவது? இலவம் பஞ்சுதான். சொரூபம் கோயில் வாசலுக்கு வருகிற நேரம் பார்த்து, முகட்டில் ஏறி இருப்பவர் பஞ்சை மெல்ல மெல்லத் தூவவேண்டும். சில வருடம் அந்த வேலை அம்மாவின் தம்பியிடம், அதாவது என் மாமாவிடம் இருந்தது. ஒரு வருடம் காற்று எழும்பப் போகிறது என்று பயந்து, பறந்து போவதற்குள் கொட்டிவிடுவோம் என்று, மாமா இரண்டு தலையணைப் பஞ்சையும் ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டார். பாண்ட் வாத்தியக்காரரின் குழாய்க்குள் பஞ்சு. சுவாமியாரின் வாய்க்குள் பஞ்சு. பிரசங்கத்தில் பாதி இருமலாகவே போனதாம். மாதாவின் மேல் மட்டும் ஒரு துணுக்கும் விழவில்லை. அடுத்த வருடம் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அம்மா இதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார்.

நான் சொல்லப்போவது 2013 குளிர்காலத்தைப் பற்றி. அப்போது நாங்கள் கிரான்பர்னில் இருந்தோம். அப்பாவுக்கு மரக்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை. அம்மா வயோதிபர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் இருந்தார். ஊரிலிருந்து விமானம் ஏறும்போது அம்மா இரண்டு சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த மாதா சொரூபம், ஒரு முழம் உயரம் இருக்கும், எங்கள் ஹோலில் ரீவிக்குப் பக்கத்தில் நின்றது. ரீவியில் என்ன போனாலும் மாதாவும் சேர்ந்துதான் பார்ப்பார்.

அந்த ஜூன் கடைசியில் மாமா ஊரிலிருந்து இங்கே வரப் படகேறினார். போர் முடிந்து நாலு வருடமாகியும் அவரை ஆட்கள் தேடி வருவது நிற்கவில்லை. யார் தேடினார்கள், எதற்குத் தேடினார்கள் என்பதெல்லாம் நான் அறைக்குள் நுழைந்தவுடன் நின்றுவிடும் பேச்சுகள். ஒரு நாள் மாமா போன் எடுத்து, "அக்கா, கொஞ்ச நாளைக்கு நான் எடுக்க மாட்டன், யோசிக்காதேங்கோ" என்று சொன்னார். சொன்னபடியே எடுக்கவில்லை. அம்மா யோசிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். என் பள்ளிக்கூடச் சட்டையை ஈரத்தோடே மடித்து வைத்தார். ரெலிபோன் அடித்தால் வீடே எழும்பி நிற்கும், பிறகு அது யாரோ சோலர் விற்கிறவராக இருக்கும்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை பிரதமர் ரீவியில் வந்தார். இனிப் படகில் வந்து இறங்குகிற ஒருவர்கூட இந்த நாட்டில் குடியேற முடியாது, எல்லாரையும் வேறு நாட்டுத் தீவுக்கு அனுப்பிவிடுவோம் என்றார். அம்மா குசினியிலிருந்து கையில் மாவோடு வந்து நின்று கேட்டார். "அவன் அதுக்கு முதலே ஏறிட்டான்தானே" என்றார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார். ஏறிய நாளா, இறங்கிய நாளா, எந்த நாளைக் கணக்கில் எடுப்பார்கள் என்ற கேள்வி எங்கள் வீட்டில் அதன்பிறகு வாய்விட்டுப் பேசப்படவில்லை. எனக்கு அந்தக் கேள்வி இருப்பதே தெரியாது. மாமா உயிரோடு வந்து சேர்வாரா மாட்டாரா, எனக்கு விளங்கியது அது ஒன்றுதான்.

அதற்கு அடுத்த கிழமை அம்மா வேலையால் வந்து, ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் மாதாவுக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். எழும்பும்போது முடிவோடு எழும்பினார். பெருநாளன்று மாதாவை ஸ்னோவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

"ஏன், அவ கேட்டவவோ?" என்றார் அப்பா. அப்பா பூசைக்கு வருவார், ஆனால் கடைசி வரிசை வாங்கில் இருப்பார். அந்தத் தூரத்திலிருந்துதான் அவர் மாதாவைப் பற்றிப் பேசுவதும்.

அம்மா நேர்ந்துவிட்டார். ஊரில் பெண்கள் கொடிமரத்திலிருந்து பீடம் வரை சுடுமணலில் முழந்தாளில் போவதுபோல, இங்கே மாதாவின் சொந்தப் பனியில் முழந்தாளில் போவதாக நேர்த்தி. தம்பி கரை சேரவேண்டும். அப்பா நியாயம் கேட்டார். கேட்டது கிடைத்தால் பிறகு நேர்த்தி செலுத்துவதுதானே முறை, இதென்ன புதுப் பழக்கம் என்றார்.

"நான் முதலே குடுக்கிறன். வாங்கிப்போட்டு அவ எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?"

ரோமாபுரியில் ஓகஸ்டில் பனி பெய்தால் அற்புதம், இங்கே ஓகஸ்டில் பனி பெய்தால் அது சீசன், மாதா குழம்பிப் போகப்போகிறா என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் அன்றிரவே பெருநாள் விழுகிற திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். எனக்கும் பள்ளிக்கூடம் இல்லை என்றானது. நான் மாதாவின் பக்கம் முழுமையாகச் சாய்ந்தது அந்த நொடியில்தான்.

பெரியம்மா, அம்மாவின் அக்கா, ரொறொன்ரோவில் இருந்தார். இருபது வருடப் பனி அனுபவம் உள்ளவர். அங்கே அப்போது கோடை, விசிறியைப் போட்டுக்கொண்டு இருந்து எங்களுக்குப் பனியைப் பற்றி வகுப்பெடுத்தார். பருத்திக் காலுறை போடாதே. காதை மூடு. இரும்பை வெறுங்கையால் தொடாதே. தான் இந்தச் சனியனை வருடம் முழுக்க வழித்து வழித்து இடுப்பு முறிந்து கிடக்க, நாங்கள் கார் பிடித்துப் போய் அதைப் பார்க்கப் போகிறோமே என்று அவருக்குத் தாங்கவில்லை. அத்தோடு, அவுஸ்திரேலியாவில் கிடப்பதை ஸ்னோ என்று ஊராருக்குச் சொல்லி மானத்தை வாங்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இவ்வளவையும் அரை மணித்தியாலம் பேசிவிட்டுக் கடைசியில்தான், குரலைத் தாழ்த்தி, "அவன்ர சேதி ஏதும்?" என்பார். இல்லை என்றதும் திரும்பவும் காலுறைக்கு வந்துவிடுவார்.

பக்கத்து வீட்டு அன்ரி தூத்துக்குடிக்காரர். நாங்கள் போகும் விஷயம் தெரிந்ததும் தன் வீட்டு ஜக்கெற், தொப்பி, கையுறை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவை வம்புக்கு இழுக்காமல் அவரால் இருக்க முடியாது. "அது எங்க ஊரு மாதா. உங்களுக்குக் கப்பல்ல அனுப்பி வச்சதே நாங்கதான்" என்றார். மற்ற நாளென்றால் அம்மா விட்டிருக்க மாட்டார், எந்தக் கப்பல், எந்த வருடம் என்று கிளம்பியிருப்பார். அன்றைக்கு, "ஓம் அன்ரி, உங்கட மாதாதான். நீங்களும் ஒருக்கா சொல்லிவிடுங்கோ" என்றார். அன்ரி பகிடியை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

விடியற்காலையில் வெளிக்கிட்டோம். பின் சீற்றில் நான், எனக்குப் பக்கத்தில் சீற் பெல்ற் போட்ட மாதா, காலடியில் மீன் கட்லட் பெட்டியும் தேத்தண்ணிப் பிளாஸ்க்கும். நாங்கள் போன மலையின் பெயர் பௌ பௌ. வெள்ளைக்காரர் அதைச் சொல்லும்போது 'போ போ' என்றுதான் கேட்கும். பேரிலேயே கலைக்கிறான் பார் என்றார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாரகல் தாண்டியதும் பசும்புல் மேடுகள் வந்தன, பிறகு காடு. மலையடிவாரத்தில், பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி வாடகைக்கு எடுத்தோம். மேலே ஓர் இடத்தில் அதைப் பூட்டச் சொல்லிப் பலகை இருந்தது. அப்பா சேற்றில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, வலை சிக்கெடுப்பதுபோல அந்தச் சங்கிலியோடு கனநேரம் பொறுமையாக மினக்கெட்டார்.

பனியை முதலில் கண்டது நான். பாதையோரத்தில், யாரோ சோற்றைக் கொட்டிவிட்டுப் போனதுபோலக் கிடந்தது. இதுவோ என்று ஏமாந்துபோனேன். பெரியம்மா சொன்னது சரிதான் என்று நினைத்தேன். இன்னும் நாலு வளைவு ஏறியதும் மரங்கள் வெள்ளையாகிவிட்டன, பிறகு தரை, பிறகு கார்களின் கூரை, பிறகு எல்லாமே. கதவைத் திறந்து இறங்கினேன். என் காலடியில் அது மெல்லக் கிறீச்சிட்டது. பனிக்குச் சத்தம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் ஓடினேன், விழுந்தேன், எழும்பி மறுபடி ஓடினேன். அம்மா காருக்குப் பக்கத்திலேயே நின்று ஒரு பிடி பனியை அள்ளி, மீன் வாங்கும்போது செய்வதுபோல, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மணமே இல்லையே" என்றார். அதை ஒரு குறையாகத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை என்றபடியால் கூட்டம் குறைவு. ஆனாலும் சறுக்குப் பலகையில் பிள்ளைகள் கூவிக்கொண்டு வழுக்கி இறங்கும் சரிவில் ஆட்கள் இருந்தார்கள். அம்மா இடத்தைப் பார்த்தார். சரிவின் ஓரத்தில், பனியில் பாதி புதைந்து ஒரு யூக்கலிப்டஸ் மரம் வளைந்து நின்றது. அதன் அடியில் மாதாவை வைத்தார். வெள்ளையும் நீலமுமாகப் பெயின்ற் அடித்த சொரூபம் அது. அந்தப் பனிக்குள் வைத்ததும் வெள்ளை முழுக்கக் கரைந்து, ஒரு நீலப் போர்வை மட்டும் தனியே நிற்பதுபோல இருந்தது. தூரத்தில் நட்டிருந்த செம்மஞ்சள் கம்பம் ஒன்றைக் கொடிமரமாக வைத்துக்கொண்டார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், அவற்றை அப்பாவின் கையில் கொடுத்தார்.

நான் விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தேன். அம்மா முழந்தாளில் போவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆட்களுக்கு முன்னால், வெறுங்காலோடு, சேலைத் தலைப்பை ஜக்கெற் தொப்பிக்கு மேலால் இழுத்து மூடிக்கொண்டு போவார் என்று நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. என் வயதுப் பிள்ளை ஒருத்தி சறுக்குப் பலகையில் இருந்தபடியே வாயைத் திறந்து பார்த்தாள். "அம்மா, ப்ளீஸ், எவ்ரிவன் இஸ் லுக்கிங்" என்றேன். அப்பா என் தோளைப் பிடித்துப் பின்னால் எடுத்தார். விடு பிள்ளை, அம்மா அலுவலாய்ப் போறா என்றார்.

சுடுமணலில் முழந்தாள் புதையாது. பனியில் புதையும். அம்மா ஒரு காலை இழுத்து வைப்பதற்குள் மற்றது உள்ளே போய்விடும். மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கியது. இரண்டு கையையும் ஏந்தியபடி, "கரை சேர்த்துவிடு தாயே, என்ர பிள்ளையைக் கரை சேர்த்துவிடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாமாவை அம்மா தம்பி என்று சொல்லவில்லை, பிள்ளை என்றுதான் சொன்னார். அப்பா முன்னால் போய் மாதாவின் காலடியில் மெழுகுதிரியை ஏற்றிப் பார்த்தார். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தன் ஜக்கெற்றைக் கழற்றிக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, வெறும் சுவெற்றரோடு அங்கேயே குந்திவிட்டார். மாதாவுக்கு அவ்வளவு கிட்ட அப்பாவை நான் முன்னர் கண்டதில்லை.

சிவப்பு ஜக்கெற் போட்ட ஒரு பெண் ஓடி வந்தாள். அங்கே ஆட்களுக்கு அடிபட்டால் பார்க்கிறவள். யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். குனிந்து, "யூ ஓகே, லவ்?" என்று கேட்டாள். அம்மா தலையை ஆட்டினார், நிற்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. அம்மா பிரேயர் பண்ணுகிறார், என் மாமா ஒரு படகில் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மலை உச்சியில் படகு என்றதும் அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. படகுகளைப் பற்றிய செய்தி அப்போது எல்லார் வீட்டு ரீவியிலும் ஓடியது. அதைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயமும் இருந்திருக்கும். எழும்பிப்போய்ச் சரிவின் மேற்பக்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். சறுக்கி வந்த பிள்ளைகளை எல்லாம் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பிவிட்டாள். அம்மா மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்து, நெற்றியைப் பனியில் வைத்து எழும்பும்வரை அவள் அப்படியே நின்றாள். அவளுக்கு நன்றி சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாதாவைக் கொஞ்ச நேரம் மரத்தடியிலேயே விட்டுவிட்டுக் காருக்குத் திரும்பியபோது அம்மாவின் பாதங்கள் செவ்விளநீர் நிறத்தில் இருந்தன. அப்பா முன் சீற்றைப் பின்னால் தள்ளிவிட்டு, அம்மாவின் காலைத் தன் மடியில் தூக்கிவைத்துத் துவாயால் தேய்த்தார். அம்மாவுக்கு உணர்வு திரும்பும்போது நொந்தது, நொந்தாலும் முகம் தெளிந்திருந்தது. கனகாலத்துக்குப் பிறகு பசிக்கிறது என்றார். நாங்கள் கட்லட் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

தெரியாத நம்பர். அம்மா எண்ணெய்க் கையோடே எடுத்தார். காதில் வைத்துக் கேட்டார். பிறகு மாமாவின் பெயரைச் சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். மறுபக்கத்தில் "அக்கா, நான் வந்திட்டன், அக்கா, அழாதேங்கோ" என்று கேட்டது. படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோய் நாள்கணக்கில் மிதந்தார்களாம். பிறகு கப்பற்படைக்காரர் வந்து ஏற்றி, கிறிஸ்மஸ் தீவில் இறக்கினார்களாம். இன்றைக்குத்தான் போன் பேச முறை கிடைத்ததாம். அம்மா ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் என்னை இழுத்து, தலையிலும் கன்னத்திலும் மாறி மாறிக் கொஞ்சினார். மெழுகுதிரி இன்னும் அணைந்திருக்காது, அதற்குள்ளே தந்துவிட்டா என்று அப்பாவைப் பார்த்து அழுதார்.

என்னிடமும் போனைத் தந்தார்கள். நாங்கள் ஸ்னோவில் நிற்கிறோம் என்று சொன்னேன். மாமா சிரித்தார். பஞ்சு மாதிரியே இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, சத்தம் போடுகிறது என்றேன். தான் இருக்கிற இடத்தில் சரியான வெக்கை, வியர்வையில் நனைந்த சேட்டைப் பிழிந்து பிழிந்து போடுகிறோம் என்றார். கிறிஸ்மஸ் தீவு என்ற பெயரை வைத்துக்கொண்டு அங்கே பனி இல்லையா என்று எனக்கு ஆச்சரியம். அடுத்த வருடம் உங்களையும் இஞ்ச கூட்டிக்கொண்டு வருவம் என்று உறுதி கொடுத்தேன். "ஓம் பிள்ளை, வாறன். வராமல் எங்க போறன்" என்றார் மாமா.

பிறகு அப்பா போனை வாங்கினார். அப்பா கதவைத் திறந்து வெளியே இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுகமா, சாப்பிட்டாயா, அடிபட்டதா என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. "நீ இறங்கினது எத்தினையாம் திகதி?" என்று கேட்டார். மறுமொழியைக் கேட்டுவிட்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லு, எத்தினையாம் திகதி?" என்று அதையே திரும்பவும் கேட்டார். எனக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. சாவிலிருந்து தப்பி வந்திருக்கும் ஒருவரிடம், வங்கிக்காரர் மாதிரித் திகதி கேட்கிறாரே, இந்த மனுசனுக்குச் சந்தோசப்படவே தெரியாதா என்று நினைத்தேன். அவரோ, சரி, சரி, யோசிக்காதே, நான் லோயரோடு கதைக்கிறன் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, மாமாவுக்குத் தந்த நேரம் முடிந்து போன் நின்றது.

அப்பா காருக்குள் வந்து இருந்தார். அம்மா அவருடைய முகத்தையே பார்த்தார்.

"அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் இறக்கியிருக்கிறாங்கள்" என்றார் அப்பா.

அம்மா கடித்த கட்லட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, யாருக்கோ கணக்கு ஒப்புவிப்பதுபோல, "நான் கரை எண்டுதான் கேட்டனான். எந்தக் கரை எண்டு கேக்கேல்ல" என்றார்.

மாமா அடுத்த வருடம் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. பூமியின் நடுக்கோட்டுக்குக் கிட்ட, வெயிலும் மழையும் தவிர வேறு காலமே இல்லாத ஒரு தீவில் அவரை வைத்தார்கள். நான் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் போகும்வரை அவர் அங்கேதான் இருந்தார். பிறகு வேறொரு தூர நாடு அவரை ஏற்றுக்கொண்டது. இந்த நாட்டின் பெருநிலத்தில் அவருடைய கால் ஒருநாளும் படவில்லை. இதெல்லாம் எனக்கு விளங்கக் காலம் எடுத்தது. அன்றைக்குக் காருக்குள் எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா உயிரோடு இருக்கிறார், அம்மாவின் நேர்த்தி பலித்துவிட்டது, பெரியவர்கள் இரண்டு பேரும் ஏனோ சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டும்தான்.

அம்மா கட்லட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். கையைத் துடைத்தார். அப்போதுதான் சூடேறியிருந்த காலுறையைத் திரும்பவும் கழற்றினார். அப்பா தடுக்கவில்லை, அவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அம்மா இறங்கி, அதே செம்மஞ்சள் கம்பத்துக்கு வெறுங்காலோடு நடந்தார்.

கேட்டது கிடைத்துவிட்டதால் நன்றி சொல்லப் போகிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு நியாயமான காரியம். முதல் தரம் நான் வெட்கப்பட்டதற்கு இப்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நானும் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் அம்மாவுக்குப் பக்கத்தில் முழந்தாளில் விழுந்தேன். குளிர் நெருப்பாகச் சுட்டது. யார் பார்க்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோசம். தாங்க்யூ மாதா, தாங்க்யூ மாதா என்று கத்திக்கொண்டே அம்மாவோடு ஊர்ந்தேன்.

பாதி தூரத்தில்தான் கவனித்தேன். அம்மா நன்றி சொல்லவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. நான் அவருடைய ஜக்கெற்றைப் பிடித்து இழுத்து, அம்மா, நீங்களும் தாங்க்யூ சொல்லுங்கோ என்றேன்.

"நீ சொல்லு பிள்ளை" என்றார் அம்மா. "நான் பிறகு சொல்லுறன்."

அம்மாவுக்குக் களைத்துவிட்டது என்று நினைத்தேன். அதனால் அவருக்கும் சேர்த்து நானே சொன்னேன், அந்த மலை முழுக்கக் கேட்கும்படி.